பல் டாக்டர் வீட்டுத் தலையணை கேக்

அன்புள்ள சுண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அதிலும் அவருக்குச் சுகம் கொஞ்சம் கூடிப்போய் என் காதுதான் இரைகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், போன வாரம் போனில் இருமிக்கொண்டே இருந்தாயே, அது நின்றதா என்று எழுது, ஐஸ் தண்ணீர் குடிப்பதில்லை என்று என்னிடம் பொய் சொல்லாதே. ஏன் கடிதம் என்று கேட்பாய், போனில் நான் எதைச் சொன்னாலும் அவர் கூடத்தில் உட்கார்ந்தபடியே கேட்டுவிடுகிறார். "வீட்டைக் காலி பண்ணிட்டு ரெண்டு பேரும் இங்கேயே வந்துடுங்க, இப்படியே விட்டா அப்பா ஆளே கரைஞ்சு போயிடுவார்" என்று நீ சொன்னதற்கு மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்றாய் அல்லவா, அந்தப் பதில்தான் இது. ஆனால் ஒரு கேக்கைச் சுற்றிக்கொண்டுதான் வரும், நடுவில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற உன் பழக்கத்தை இன்றைக்கு விட்டுவிடு.

உனக்குத் தெரியாததில்லை, தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு சுத்தியலைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து உன் அப்பா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். எட்டு மாதம். சாப்பிட வாங்க என்றால் வருவார், உப்பு சரியா என்றால் சரி என்பார், உப்பே போடாமல் ஒருநாள் வைத்துப் பார்த்தேன், அதற்கும் சரி என்றார். சோபாவுக்கு மெத்தை கட்டிக் கட்டி முப்பத்தாறு வருஷம் ஊரையே உட்கார வைத்தவர் தான் உட்கார்ந்துபோனாரே என்று நினைத்துக்கொள்வேன். நீ சொன்னதுதான் சரி என்று முடிவு கட்டி அவருக்குத் தெரியாமல் பெரிய பெட்டியைக் கூட இறக்கித் துடைத்து வைத்துவிட்டேன்.

அப்போதுதான் பக்கத்துத் தெருப் பல் டாக்டரம்மா வந்தார். அவருடைய அப்பா அம்மாவுக்கு நாற்பதாவது கல்யாண நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விருந்து, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தலையணை மாதிரி கேக் வேண்டும், மெத்தையில் தைத்தாற்போல் கட்டம் கட்டமாகப் புடைத்து ஒவ்வொரு மூலையிலும் ஒரு முத்து வேண்டும் என்றார். நான் வீட்டில் கேக் செய்து விற்க ஆரம்பித்ததிலிருந்து கிடைத்ததிலேயே பெரிய ஆர்டர், தலைகால் புரியாமல் சரி என்றுவிட்டேன். சனிக்கிழமை காலையில் கீழ்த் தலையணைக்கு ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவைத் தேய்த்துப் போர்த்தி, நீ அனுப்பினாயே அந்தத் தையல் சக்கரம், அதை ஸ்கேல் வைத்துக் குறுக்கும் நெடுக்கும் உருட்டினேன். எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது, "இதென்ன தலையணையா, குளியலறைத் தரையா?" எட்டு மாதத்தில் அவர் சொன்ன முதல் அபிப்பிராயம் அதுதான், அதையும் என் கேக்கைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமா. எனக்கு வந்த ஆத்திரத்தில், அவ்வளவு தெரிந்தவர் நீங்களே வந்து பண்ணுங்கள் என்றேன். எழுந்து வந்துவிட்டார்.

வந்து என்னை வேலை வாங்கினார் பார். "உள்ளே பஞ்சு வைக்காம மெத்தை எப்படிப் புடைக்கும்?" என்று, நான் போர்த்தியதை உரித்துப் போடச் சொல்லி, ஒவ்வொரு கட்டத்துக்கும் கொஞ்சம் சர்க்கரை மாவை உருட்டித் தட்டி கேக்மேல் ஒட்ட வைத்து, அதன்மேல் புதிதாகத் தேய்த்ததை இழுக்காமல் தொளதொளவென்று போடச் சொன்னார். நான் வழக்கம்போல் இழுத்து நீவப் போனேன், கையிலேயே ஒன்று போட்டார். இது உங்கள் துணி மாதிரி காத்திருக்காது, காய்ந்து வெடித்துவிடும் என்று நான் சொன்னதும் மனுஷர் வேகத்தைக் கூட்டி, கட்டங்கள் கூடுகிற இடத்தில் கட்டைவிரலால் ஒரு அமுக்கு, அங்கிருந்து நாலு பக்கமும் ஸ்பூன் காம்பால் ஒரு கோடு. கட்டம் ஒவ்வொன்றும் பொம்மென்று எழுந்து நின்றது. தலை வைத்துப் படுக்கலாம் போலிருந்தது. மேல் தலையணையையும் அப்படியே முடித்தார். முத்துகளை நான் வந்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, தூறல் விழுகிறதே என்று மாடிக்குத் துணி எடுக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்க்கிறேன், உன் அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் குவித்துக்கொண்டு நிற்கிறார். வாய் நிறைய சர்க்கரை முத்து. சோபாவுக்கு ஆணி அடிக்கும்போது வாயில் ஒரு கை ஆணியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி எடுப்பாரே, அதே மாதிரி ஒவ்வொரு முத்தாக எடுத்துக் குழியில் வைக்கிறார். மேல் தலையணை முழுக்க முடிந்து கீழ்த் தலையணையிலும் பாதி ஆகியிருந்தது.

நான் போட்ட சத்தம் உனக்கே கேட்டிருக்கும். ஊரார் தின்கிற பண்டத்தை எச்சில் பண்ணி வைத்திருக்கிறீர்களே, புத்தி இருக்கிறதா என்றேன். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது, வாயில் மிச்சமிருந்ததைக் கடித்து முழுங்கிவிட்டு, "முப்பத்தாறு வருஷம் இப்படித்தான் ஆணி அடிச்சேன், எச்சில்னு ஒரு சோபாவாவது திரும்பி வந்திருக்கா?" என்று கேட்கிறார். சோபாவை யாராவது தின்பார்களா என்றேன். இழுக்கக்கூடாது என்பதுகூடத் தெரியாமல் நீவப் போனவள் பேசக்கூடாது என்றார். அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போய், எங்கள் கல்யாணத்தில் அவருடைய அத்தைக்கு நாற்காலி போடாத கதை வரைக்கும் போனது. உண்மையைச் சொன்னால், நடுவில் ஒரு நிமிஷம், யாருக்குத் தெரியப்போகிறது, அப்படியே கொடுத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. அவர்தான் எட்டு மாதமாகத் தொடாத போனை எடுத்துப் பல் டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். "உங்க வாய்தானே, நான் உள்ளே பார்த்திருக்கேன், தயவுசெஞ்சு வேற கேக் பண்ணிடுங்க" என்றாராம் அந்த அம்மா.

மறுபடி முதலிலிருந்து. ஞாயிறு மதியம் முடித்தோம், முத்தை இடுக்கியால் நான் வைத்தேன், அவர் வாயை மூடிக்கொண்டு கிட்ட நின்று குறை சொன்னார். வாயை மூடிக்கொண்டு எப்படிக் குறை சொல்வது என்று கேட்காதே, உன் அப்பாவுக்கு முடியும். விருந்தில் டாக்டரின் அப்பா நிஜத் துணி என்று நினைத்து மேல் தலையணையை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டார். குழி விழுந்துவிட்டது. எனக்கு உயிரே போனது, இவர் பூரித்துப் போய் அந்தக் குழியை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். எச்சில் கேக்கை நாங்கள் இரண்டு பேரும் வாரம் முழுக்கத் தின்று தீர்த்தோம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நாங்கள் அங்கே குடிவரவில்லை கண்ணு. கோபப்படாதே. அன்றைக்குச் சண்டையின் நடுவில் கத்திப் பழக்கம் விட்டுப்போய் என் குரல் கம்மிவிட்டது, அழுகிறேன் என்று நினைத்து அவர் பயந்துபோனார். எட்டு மாதமாக நான் அவரிடம் குரலை உயர்த்தவில்லை, நோயாளியிடம் பேசுவது போலவே பேசினேன், அவரும் நோயாளி மாதிரியே பதில் சொன்னார். அவரைக் கரைத்ததில் என் பங்கும் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. உன் வீட்டுக்கு வந்தால் நீயும் மாப்பிள்ளையும் தங்கமாகத் தாங்குவீர்கள், எல்லோரும் மெதுவாகப் பேசுவீர்கள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. லீவு கிடைக்கும்போது நீங்கள் வாருங்கள். பெட்டியை மறுபடி மேலே ஏற்றியாகிவிட்டது.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது வரைக்கும் வாய் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும், அதற்கு என் ஆசீர்வாதம். ஒன்றே ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது கை எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்காதே. இத்துடன் கேக்கின் போட்டோ வைத்திருக்கிறேன், மேல் தலையணையில் மூன்றாவது வரிசை கோணல். அதைச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா