ஹில் வியூவின் மதில்

அக்டோபர் 3
மலைக்கோட்டைக் குடியிருப்புகளை ஆராய்கிறேன். வசிப்பது வடசென்னைக் காத்திவாக்கத்தில். கண்ணுக்கு எட்டிய உயரம் அனல்மின் நிலையப் புகைபோக்கி மட்டுமே. எங்கள் அடுக்ககத்தின் பெயர் ஹில் வியூ. சதுப்பில் சாம்பல் கொட்டி மேடாக்கிக் கட்டியது. மலை என்று ஒன்று இருந்தால், அது எங்கள் காலடியில்.

அக்டோபர் 9
ஆய்வேட்டின் நான்காம் இயல் முடிந்தது. குன்றின் மேல் கற்கோட்டை, மதிலில் ஓர் உடைப்பு. கடப்பாரைத் தழும்புகள் வெளிப்புறத்தில். ஆகவே, எதிரி.
அப்பா படித்துவிட்டுப் பக்கத்து வீடுகளிலும் காட்டினார்.

அக்டோபர் 12
அடுக்ககச் சங்கக் கூட்டம். தலைவர் அப்பாதான். கீழே உள்ள குப்பத்து மக்கள் எங்கள் வளாகத்தின் குறுக்கே நடந்து பஸ் பிடிக்கிறார்களாம். எட்டடி மதில். ஒருமனதாக.
"கோட்டைய படிச்ச பொண்ணு. நீதாம்மா மதிலுக்கு செகரெட்டரி" என்றார் அப்பா.
மறுக்கவில்லை. பிடித்திருந்தது – அதுதான் அசிங்கம்.

அக்டோபர் 30
"தண்ணி போக ஓட்டை வுடணுமா?" அப்பா கேட்டார்.
மூன்றாம் மாடி வேதமாணிக்கம்: "ஓட்டை விட்டா எலி வரும், பெறவு பாம்பு வரும், பெறவு அவனுவ வருவானுவ."
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வடிகால் என் ஆய்வெல்லைக்குள் வராது என்றேன்.

நவம்பர் 8
மதில் முடிந்தது. மேலே கண்ணாடிச் சில்லு. குப்பத்திலிருந்து இறால் விற்க வரும் சொக்கம்மாள் இன்று ஊரைச் சுற்றி வந்தார்.
"இன்னாம்மே, கோட்டை கட்டிகினு கீறீங்க? ராஜா யாரு, உன் நைனாவா?"

டிசம்பர் 2
மழை.

டிசம்பர் 3
வாசல் பக்கம் தார்மேல் தார் போட்டு எங்களைவிட உயர்ந்த சாலை. அதன் தண்ணீர் முழுக்க உள்ளே. குப்பத்துப் பக்கம் வழக்கமாக வடியும் – இப்போது மதில். தரைத்தளம் எங்கள் வீடு. இடுப்பளவு. மின்பெட்டியைத் தொட இன்னும் ஒரு சாண். அப்பா சாப்பாட்டு மேசைமேல்.
"தீர்மானம் போடாம மதில ஒடைக்கக் கூடாது."
உள்ளே யாரிடமும் கடப்பாரை இல்லை. மதிலோரம் நீந்திப்போய்க் கத்தினேன்: "சொக்கம்மாக்கா! ஒடைங்க!"
"ராஜாவ கேட்டுக்கினியா?"
"அக்கா!"
"டேய் டில்லிபாபு, எட்றா கடப்பாரைய!" பிறகு என்னிடம், "தள்ளிப் போமே, செங்கல் மூஞ்சில அட்சிரும்."
மதில் உடைந்தது; தண்ணீர் பழைய வாய்க்காலில் பாய்ந்தது.

டிசம்பர் 11
கூட்டம். டில்லிபாபுமீது போலீஸ் புகார். செகரெட்டரி கையெழுத்து வேண்டும்.
"அவர்தானேப்பா காப்பாத்துனாரு?"
"வெளிய இருந்துதானே ஒட்ச்சான்? தழும்பு வெளிய இருந்தா எதிரின்னு நீயே எழுதல?"

டிசம்பர் 12
கையெழுத்துப் போடவில்லை. பதவி போனது.
நான்காம் இயலைத் திறந்தேன். எதிரி என்ற சொல்லை அழித்தேன். அந்த இடத்தில்:
உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டிருக்கலாம்.