இடது கன்னத்தின் வாக்குமூலம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நான் நலம் என்று எழுதினாலே உனக்குச் சந்தேகம் வரும் என்பதால், டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இனிமே நீங்க என்னைப் பார்க்க வர வேண்டாம்." நேற்று சாயங்காலம் என் முகத்தை விளக்குக்குக் கீழே இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தோல் டாக்டரம்மா சொன்ன வார்த்தை இது. விரட்டுவதற்காகச் சொன்னதல்ல. கன்னம் தேறிவிட்டது. நீயும் அத்தானும் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் நீ மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவாய். அப்புறம் நான் வழக்கம்போல ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்துக்கொள்வேன். இந்தத் தடவை தப்பிக்கக் கூடாது என்பது உன் தம்பி பெண்டாட்டியின் உத்தரவு. எழுதி முடித்ததும் வாங்கிப் படித்துவிட்டு அவளேதான் உறையை ஒட்டப் போகிறாள்.

சைக்கிளில் சரிவிலே விழுந்து என் இடது கன்னம் கிழிந்த நாளிலிருந்து, நாற்பத்திரண்டு வருஷமாக நீ "என்னாலதான், என்னாலதான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். போன வருஷம் இங்கே வந்திருந்தபோதுகூட நீ என் வலது பக்கமாகவே உட்கார்ந்து பேசியதை நான் கவனிக்காமல் இல்லை. "நான் கண்ணை மூடறதுக்குள்ள அந்தத் தழும்பு போகணும்டா" என்று நீ பிடித்த பிடிவாதத்தால்தான் இந்த லேசருக்கே சம்மதித்தேன். மற்றபடி இந்த மூஞ்சி என் தொழிலுக்கு இடைஞ்சலே இல்லை. ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் தங்கள் முகம் படத்தில் எப்படி விழுந்தது என்றுதான் பார்ப்பார்கள். எடுத்தவன் மூஞ்சியை யார் பார்க்கிறார்கள்?

லேசர் என்றால் ரப்பர் வைத்து அழிப்பது மாதிரி என்று நினைத்துப் போனேன். டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். தோலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஆயிரக்கணக்கான துளை போடுவார்களாம், அவை ஆறும்போது புதுத் தோல் வளர்ந்து பள்ளம் மேடாகுமாம், பாதி குறைந்தாலே பெரிய விஷயமாம். மரத்துப்போகும் களிம்பைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி, முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். கல்யாண வீட்டில் மிஞ்சியதை மூடிவைத்த மாதிரி இருந்தேன். பிறகு கண்ணுக்குக் கவசம். ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்ட மாதிரி சுள் சுள்ளென்று இருபது நிமிஷம். கூடவே முடி பொசுங்கும் வாசனை. கையோடு கண்ணோரச் சுருக்கத்துக்கும் இரண்டு சுற்று விடச் சொன்னவள் என் மனைவி. செலவோடு செலவாக என்னை வாலிபனாக்கிவிடலாம் என்று பார்த்தாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். "வாசலின் மட்டும். வேற எதுவும் படக்கூடாது. வெயில்ல தலை காட்டக்கூடாது." நானும் பள்ளிக்கூடப் பையன் மாதிரித் தலையாட்டினேன்.

இனி என் முதல் திருட்டுத்தனம். இத்தனை வருஷமாக நீ பார்சல் பார்சலாக அனுப்பினாயே கிரீம்கள், அவற்றில் ஒன்றைக்கூட நான் போட்டதில்லை. எல்லாம் மாடிவீட்டு வாத்தியாரின் குதிகால் வெடிப்புக்குப் போனது. நீ கேட்கும்போதெல்லாம் "போடறேன்க்கா, நல்லா இருக்கு" என்பேன். பொய்யும் இல்லை பார், வாத்தியாருக்கு நன்றாகத்தான் இருந்தது.

லேசர் முடிந்த மூன்றாம் நாள் நீ போன் செய்தாய். "புதுசா அனுப்பின கிரீமைப் போடறியா?" என்றாய். பழக்க தோஷத்தில் "ரெண்டு வேளையும் போடறேன்" என்றேன். போனை வைத்தபிறகு மனசாட்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருஷம் பொய் சொல்லியாயிற்று, ஒரு நாளாவது அக்காவிடம் சொன்னதை நிஜமாக்குவோம் என்று டியூபைத் திறந்து பதமாகத் தடவினேன். வாழ்க்கையில் ஒழுங்காக இருக்க எனக்கு ஆசை வந்த ஒரே நாள் அதுதான். வேறு நாளே கிடைக்கவில்லை.

அது தோலை உரிக்கும் அமிலம் கலந்த கிரீமாம். நல்ல தோலுக்குப் பரவாயில்லை. புண்ணான தோலுக்கு? குதித்தேன். மறுநாள் கன்னம் சிவந்தது, பத்து நாளில் காய்ந்த காப்பிக் கறை மாதிரி உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துப்போனது. எதிர்க்கடை டெய்லர், "என்ன சார், அயர்ன் பாக்ஸ் மேல தூங்கிட்டீங்களா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தார். டாக்டரம்மா டியூபைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, "எந்த மகாராசி இதைப் போடச் சொன்னது?" என்றார். நான் பேச்சை மாற்றினேன். இது நிரந்தரமாகத் தங்கிவிடுமா என்று கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்றார். டாக்டர் வாயில் அந்த ஒரு வார்த்தையைப்போலப் பயங்கரம் வேறு இல்லை.

உண்மையைச் சொல்கிறேன் அக்கா. மூஞ்சி போனதற்காக நான் பயப்படவில்லை. ஒரு தழும்புக்கே நாற்பத்திரண்டு வருஷம் அழுதவள், உன் கிரீமால் இது வந்தது என்று தெரிந்தால் என்ன ஆவாய் என்றுதான் நாலு மாதம் தூக்கமில்லை. அதனால்தான் போனில் கேமரா கெட்டுவிட்டது என்றேன். ஸ்டுடியோக்காரன் வீட்டில் கேமரா கெட்டு நாலு மாதம் சும்மா கிடக்குமா என்று அத்தானாவது கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நான் அனுப்பி, நீ அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் காட்டிய படங்கள், நான் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கறையைத் தேய்த்து அழித்தவை. ஆர்வக்கோளாறில் கன்னத்து மச்சத்தையும் சேர்த்துத் தேய்த்துவிட்டேன். "மச்சம் எங்கடா?" என்று கேட்டாய். லேசரில் போய்விட்டது என்றேன். மச்சம் பத்திரமாக இருக்கிறது.

அந்தக் கறைதான் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, இப்போது தேடினாலும் தெரியவில்லை. தழும்பின் பள்ளமும் பாதிக்குமேல் ஏறியிருக்கிறது. மிச்சம் இருக்கும், அது இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறார் டாக்டரம்மா. கண்ணோரச் சுருக்கமும் குறைந்திருப்பதாக என் மனைவி சொல்கிறாள். சொல்லத்தானே வேண்டும், யோசனை அவளுடையது.

நேற்று ஃபைலை மூடும் முன்பு டாக்டரம்மா, இந்தத் தழும்பு எப்படி வந்தது என்று சும்மா கேட்டார். நானும் நம் வீட்டில் எல்லாரும் சொல்வதையே சொன்னேன். "எங்கக்கா ஓட்டினா, நான் பின்னாடி உட்கார்ந்திருந்தேன். வேகமா வந்து கல்லுல ஏத்திட்டா." அவர் எழுதிக்கொண்டே, "அக்காவுக்கு அப்ப என்ன வயசு?" என்றார். பதினொன்று என்றேன். "அடப்பாவமே, குழந்தைதானே. எவ்வளவு பயந்திருப்பாங்க" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். இத்தனை வருஷத்தில் நம் வீட்டில் ஒருத்தர்கூட அதைச் சொல்லவில்லை, நான் உட்பட. அந்த நாற்காலியிலேயே, ஐம்பது வயதை நெருங்கும் ஆள், தேம்பித் தேம்பி அழுதேன். லேசருக்கு அழாதவன் இப்போது எதற்கு அழுகிறான் என்று நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அப்புறம் உள்ளதைச் சொன்னேன்.

அக்கா, அங்கே கல்லே இல்லை. என் கையில் ஒரு குச்சி இருந்தது. சக்கரக் கம்பியில் வைத்தால் கரகரவென்று மோட்டார் மாதிரிச் சத்தம் வருமே, அதற்காகச் சரிவு முழுக்க வைத்துக்கொண்டே வந்தேன். சத்தம் பத்தாது என்று உள்ளே அழுத்தினேன். குச்சி சிக்கிச் சக்கரம் நின்றது. விழுந்ததும் முதல் வேலையாக அதைச் சாக்கடையில் எறிந்தேன். ரத்தத்தைத் துடைத்தது அதற்கப்புறம்தான். அப்பா உன்னைப் பெல்ட்டால் அடித்தபோது நான் அம்மா மடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த மறுநாள் நேற்றுத்தான் வந்தது.

கூட வந்திருந்த என் மனைவியும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டு வாசலில் நின்று, "அண்ணிக்கு நீங்க எழுதறீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள்.

திட்டு அக்கா. அத்தானையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய் வலிக்கத் திட்டு. கிரீமுக்காக மட்டும் உன்னை நீயே நொந்துகொள்ளாதே, அதைப் போட்டவன் நான். அன்றைக்குச் சைக்கிளை விட்டு இறங்கிய நீ, அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனாய், வேலைக்கும் நடந்தே போனாய். நீ நன்றாகத்தான் ஓட்டினாய் அக்கா. அந்தச் சரிவில் உன் கை ஆடவே இல்லை. பின்னால் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன். அத்தானின் சைக்கிள் உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதானே நிற்கிறது? கோபம் ஆறியதும், ஆறாவிட்டாலும் சரி, தெருமுனை வரைக்கும் ஒரு தடவை ஓட்டிவிட்டு வா. பின்னால் யாரையும் ஏற்றிக்கொள்ளாதே.

உன் ஆசீர்வாதத்தை, மிச்சம் இருந்தால், எதிர்பார்க்கும்,

தானாகவே விழுந்த உன் தம்பி