எண்பத்திரண்டா, அறுபத்தெட்டா

14-3-83, திங்கள்
காலையிலிருந்து தூறல். ஈப்போ ஆஸ்பத்திரி. அக்காள் கணவர் முனியாண்டி மச்சான் குளியலறையில் வழுக்கி விழுந்து, தாடை இரண்டு இடத்தில் முறிவு. வாய் மூடவில்லை. எச்சில் வடிகிறது. நாளைக்குக் கொண்டுபோக: துவாலை, ஃபிளாஸ்க், கண்ணாடி.

பக்கத்துக் கட்டிலில் தஞ்சோங் மாலிம் பையன், மோட்டார் சைக்கிள். அவனுக்கும் தாடைதான். மாலையே அறுவை. மச்சானுக்கு இல்லை. அடையாள அட்டையைப் பார்த்து டாக்டர் அம்மா சொன்னது: "ஐ.சி.ல எண்பத்திரண்டு வயசு, அங்கிள். மயக்க மருந்து தாங்காது. இப்படியே விட்டு, கஞ்சி குடுத்துப் பார்ப்போம்லா."

எலும்பு கோணலாகக் கூடுமாம். மெல்ல முடியாமலே போகலாமாம். தலையாட்டிவிட்டு வந்தேன்.

15, செவ்வாய்
வெயில். பூனைக்கு மீன் வாங்க மறந்தேன். தூக்கமில்லை.

அந்த வயதை எழுதியவன் நான். ஜப்பான்காரன் காலம், சுங்காய் பக்கத்துத் தோட்டம். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க, பள்ளி வாத்தியார் என்று என்னைப் பட்டியல் எழுதச் சொன்னார்கள். மச்சானுக்கு இருபத்தெட்டு. நாற்பத்திரண்டு என்று போட்டேன். மலேரியாவில் ஒடுங்கிக் கிடந்தார், நம்பி அவரை விட்டுவிட்டார்கள். பட்டியலில் மற்ற ஏழு பேருக்குச் சரியான வயதை எழுதினேன். ஏழு பேரும் திரும்பவில்லை.

பிறகு ஐ.சி.யிலும் அதே பொய். வயதாகிவிட்டது என்று தோட்டத்தில் சீக்கிரமே வேலையை விட்டு நிறுத்தியபோது மச்சான் சிரித்தார்: "வாத்தியாரு என்னைக் கெழவனாக்கிட்டாருலா."

அக்காவிடம் கேட்டேன், டாக்டரிடம் சொல்லட்டுமா என்று. "சும்மா இருடா. ஐ.சி.யப் புடுங்கிட்டா எங்க போறது?"

16, புதன்
கஞ்சி இரண்டு கரண்டி. பாதி துவாலையில். வகுப்பில் சொல்வேன், பச்சைக் குச்சி வளையும், காய்ந்தது ஒடியும் என்று. ஒடிந்தபின் எது கூடும் என்று சொல்லித் தந்ததில்லை.

மச்சானையே கேட்டேன். விட்டு விட்டு வந்தது: "இப்படி... வடிச்சுக்கிட்டு... சொல்லிடு, வாத்தியாரே."

சொன்னேன். டாக்டர் அம்மா திட்டவில்லை. "எக்ஸ்ரே படத்துல எலும்பு கெட்டியாத்தான் இருக்கு. வயசப் பார்த்துத்தான் தயங்கினேன். ஆனா அறுபத்தெட்டும் சின்ன வயசு இல்ல, அங்கிள். இருதயம், நெஞ்சு ரெண்டையும் பாத்துட்டு சொல்றேன்."

நான் சொன்னதை நம்பி அறுத்து, ஏதாவது ஆகிவிட்டால்?

17, வியாழன்
இருதயம் சரி. நெஞ்சில் கொஞ்சம் சளி, பரவாயில்லையாம். நாளை அறுவை, எலும்பைக் கம்பியால் கட்டுவார்கள். சம்மதத் தாளில் அக்கா கைநாட்டு. மற்றதை நிரப்ப என்னிடம் நீட்டினார்கள்.

பெயர், எழுதினேன். ஊர், எழுதினேன். வயது. பேனா நின்றுவிட்டது. அந்த ஏழு பேர்.

68.

18, வெள்ளி
மழை. காலை 8.30. அறுவை அறை வாசலில் ஊழியர் ஐ.சி.யைப் பார்த்து, "எண்பத்திரண்டா?" என்றார். மச்சான் இல்லை என்று தலையசைத்தார். படுத்தபடியே இரண்டு கையையும் தூக்கி, முதலில் ஆறு விரல், பிறகு எட்டு. கதவு மூடியது.

11.40. அக்கா அந்தத் துவாலையைப் பிரித்துப் பிரித்து மடிக்கிறாள். இன்னும் யாரும் வெளியே வரவில்லை.