ஆறு இறங்கும்போது

ஆகஸ்ட் 4, செவ்வாய். தெரியும் படிகள்: 4

டிக்கெட் கூண்டுக்கு நீலம் அடித்துவிட்டார்கள். நான் கேட்டது பச்சை. போகட்டும்.

ஆறு ஏறியிருக்கிறது. படித்துறையின் பதினான்கு படிகளில் நாலுதான் வெளியே தெரிகின்றன. இந்தச் சுங்க மாளிகைக்கு மேற்பார்வையாளராக வந்த ஆறு வருடமும் காலையில் முதல் வேலை படி எண்ணுவது. எண்ணி இங்கே எழுதாவிட்டால் எனக்குப் பல் துலக்காத மாதிரி இருக்கும்.

மாளிகையை அருங்காட்சியகமாகத் திறக்கப் பதினேழு நாள். முதல் நாளே அறுநூறு பேர் என்கிறார் இயக்குநர். எல்லோரும் நேராகக் கீழ்க்கூடத்துக்குத்தான் இறங்குவார்கள். படகுச் சரக்கை இறக்கிய இடம் அதுதானே. முதல் குழுவை அழைத்துப்போகப்போகும் வழிகாட்டி என் மகள். இப்போது வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்கு வரலாறு சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 6, வியாழன். படிகள்: 11

மூன்றாம் கண்ணாடி உடைந்திருக்கிறது.

கீழ்க்கூடத்தின் ஆற்றுப்பக்கச் சுவரில் ஒரு பழைய விரிசல். அதன் குறுக்கே ஐந்து மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டி, ஒவ்வொன்றிலும் தேதி எழுதியிருக்கிறோம். சுவர் மயிரளவு நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். ஆறு மாதம் முழுசாக இருந்தன என்பதால்தான் திறக்கவே அனுமதி கிடைத்தது.

எங்கள் கொத்தனாருக்குச் 'சரியாப்போயிடும்' என்று பெயர். எதைச் சொன்னாலும் அதைத்தான் சொல்வார். "தொடப்பக்கட்ட பட்டிருக்கும்மா. வேற ஒண்ணு ஒட்டிட்டா சரியாப்போயிடும்."

நாளை பத்து மணிக்கு இயக்குநர் ஆய்வு. ஒட்டச் சொன்னேன். "என்ன தேதி போடட்டும்?" என்று கேட்டார். பழைய தேதியையே நான் என் கையால் எழுதினேன். பதிவேட்டில்: ஐந்தும் முழுமை.

துடைப்பம்தான். துடைப்பமாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 7, வெள்ளி. படிகள்: 11

ஆய்வு முடிந்தது. கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். "நீங்க இருக்கறவரைக்கும் எனக்கு ஒரு கவலையும் இல்லம்மா" என்றார். கையெழுத்துப் போட்டேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். பேருந்தில் பரிசோதகர் ஏறியபோது கையில் சீட்டை வைத்துக்கொண்டே நடுங்கினேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு.

கீழ்க்கூடத்தைப் பெருக்குவது சனிக்கிழமை மட்டும். புதன்கிழமை அந்தக் கண்ணாடி நன்றாக இருந்தது. சாவி என்னிடம். எந்தத் துடைப்பம்?

ஆகஸ்ட் 13, வியாழன். படிகள்: 3

மேலே மழையாம். ஆறு மறுபடி ஏறுகிறது. இன்று மட்டும் ஒன்பது முறை கீழே போனேன். ஐந்தும் முழுசு.

மகள் சுவரில் சாய்ந்து நின்று பேசிப் பழகுகிறாள், நாலு நாளாக. அங்கே நின்றால் வளைவு வழியாக வெளிச்சம் முகத்தில் விழுமாம், போட்டோ நன்றாக வருமாம். "எப்படிம்மா இருக்கு?" என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்ல? கொஞ்சம் தள்ளி நில் என்றேன். ஏன் என்றாள். சுண்ணாம்பு ஒட்டும் என்றேன்.

ஆகஸ்ட் 15, சனி. படிகள்: 12

இரண்டு போய்விட்டன. இரண்டாவது, மூன்றாவது. நான் பொய்த் தேதி எழுதினேனே அதுவும்தான், நட்ட நடுவில்.

ஆறு ஏறிய மூன்று நாளும் ஒன்றும் ஆகவில்லையே, இறங்கிய பிறகு ஏன்? இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். ஐந்தாம் தேதி ராத்திரியும் ஆறு இப்படித்தான் சரசரவென்று இறங்கியிருக்கிறது. ஏறும்போது தண்ணீர் சுவரைத் தாங்கிப் பிடிக்கிறது. இறங்கும்போது கையை எடுத்துவிடுகிறது. போகிற போக்கில் அடியில் இருக்கும் மண்ணையும் அள்ளிக்கொண்டு போகிறதா? போகிறதுதான். போகாமல் பின்னே?

கொத்தனார் நான் கேட்காமலே சாந்து குழைத்துக்கொண்டு வந்து நிற்கிறார், கையில் இரண்டு கண்ணாடி. "பழைய தேதிதானம்மா?"

வேண்டாம் என்றேன். பூட்டிவிட்டு வந்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஐயோ, என்னத்தப் பண்ணி வச்சிருக்கேன் நான்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு.

சுவர் விழுமோ என்று ஒரு பயம், வேலை போகுமோ என்று ஒரு பயம். எது பெரிது என்று பார்த்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, இரண்டும் ஒரே உயரம்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள் மகள். தலைவலி என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து தைலம் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே முதல் வரியை ஒப்பித்தாள்: "வாங்க, உள்ள வாங்க, எல்லாரும் சுவர் பக்கமா வந்து நில்லுங்க."

ஆகஸ்ட் 17, திங்கள். படிகள்: 12

சொல்லிவிட்டேன்.

இந்த நோட்டையே எடுத்துக்கொண்டு போய் இயக்குநர் மேசையில் வைத்தேன். நின்றுகொண்டே படித்தார்.

"பதிவேட்டுல அஞ்சும் முழுசுன்னு இருக்கே?"

"அது பொய் சார். இதுதான் நெசம்."

அழைப்பிதழ்க் கட்டு அவர் நாற்காலியில் இருந்தது. "வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் தாங்காதா?"

"தாங்கும்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

தொலைபேசியை எடுத்தார். நாற்காலி இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 18, செவ்வாய். படிகள்: 12

பொறியாளர் அம்மா வந்தார். சுவரடியில் துளை போட்டு ஒரு கம்பியை விட்டார். போய்க்கொண்டே இருந்தது. துளையைப் பெரிதாக்கித் தன் கையை விட்டார். தோள்வரை போயிற்று. உள்ளே மண் இல்லை, ஒன்றுமே இல்லை. என் மகள் நின்ற இடத்துக்கு நேர் கீழே.

'சரியாப்போயிடும்' சாந்துச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஆகஸ்ட் 21, வெள்ளி.

திறந்துவிட்டார்களாம், மேல்தளம் மட்டும். நான் வீட்டில். பணி இடைநீக்கக் கடிதம் தொலைக்காட்சிப் பெட்டிமேல் கிடக்கிறது. சாயங்காலம் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாள்: "நாலு நாள் அந்தச் சுவத்துல சாஞ்சு நின்னேம்மா. நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த."

ஆமாம். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

செப்டம்பர் 30, புதன்.

வேலை போனது உறுதி. மகள் "சாப்பிட்டியா" மட்டும் கேட்கிறாள்.

பிப்ரவரி 20, சனி. படிகள்: 8, இறங்கிக்கொண்டிருக்கிறது

கீழ்க்கூடம் இன்று திறந்தது. வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினேன். கூண்டுக்கு இப்போது பச்சை அடித்திருக்கிறார்கள்.

மகள் அழைத்துப்போகும் குழு. என்னைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி பேசினாள். சுவரடியில் புதுக் கான்கிரீட், முன்னால் இடுப்புயரக் கம்பித்தடுப்பு. "எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்றுதான் ஆரம்பித்தாள். கண்ணாடிகள் எதற்கு என்று ஒருவர் கேட்டார். விளக்கினாள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எங்கே சொல்லிவிடுவாளோ என்று கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றிருந்தேன்.

கூட்டம் படியேறியதும் என்னிடம் வந்தாள். தடுப்புக் கதவின் சாவியை என் கையில் வைத்தாள்.

"ஆறு எறங்குதும்மா. அடுத்த குழுவக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள நீ ஒருதரம் பாத்துச் சொல்லிடு."

உள்ளே போனேன். ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் தேதி. ஐந்தும் முழுசு. சொல்வதற்கு முன் இன்னொரு முறை எண்ணினேன்.