ஆற்றரசியின் பிள்ளை

நவம்பர் 6

விடியத் தொடக்கம் மழை. இப்படியே பெய்தால் அக்கராயன் குளம் நிரம்பி வான் பாயும் என்று அப்பா.

ஒருவழியாக அந்த இங்கிலிஷ் நாவலைப் போனில் தொடங்கிவிட்டேன்!!! ஒன்லைன் குழுவில் எந்நேரமும் அதே கதை. ரசிகர்கள் கீறின படம், மீம்ஸ், சண்டை எல்லாம் பார்த்தாயிற்று. புத்தகம் மட்டும் பாக்கி. கதை தெரிந்துவிடும் என்று பாதிப் பேரை மியூட் செய்துதான் வைத்திருந்தேன்.

முதல் பக்கத்திலேயே நித்திரையாய் இருந்த மலை கண்ணைத் திறக்கிறது. கத்திவிட்டேன். குசினிக்குள் இருந்து அம்மா: "என்னடி, பாம்போ?"

நவம்பர் 7

அக்காவுக்கு ஏழாம் மாதம். கட்டிலை விட்டு எழும்பக்கூடாது என்று டொக்டர். அத்தான் கட்டாரில். போன வருடப் பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் போய்விட்டது. வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இன்றைக்கு அக்கா: "உந்தப் போனுக்குள்ள என்னடி அப்பிடி இருக்கு? எனக்கும் சொல்லன்."

இங்கிலிஷில் ஒரு பந்தி சத்தமாக, பிறகு தமிழில் விளக்கம். அப்பா எட்டிப் பார்த்து: "கோயில்ல புராணப் படிப்பு மாதிரியெல்லோ கிடக்கு. அங்க ஒராள் பாட்டுப் படிக்க, ஒராள் பயன் எண்டு கருத்துச் சொல்லும். இஞ்ச ரெண்டும் ஒராளே!"

நவம்பர் 8

அக்காவுக்குக் கதையில் வரும் ஆற்றரசியை நல்லாப் பிடித்துவிட்டது. அவளைக் கட்டின மலையரசனைப் பிடிக்கவே இல்லை. "பெரிய ஆளாம். கூப்பிட்டா வரமாட்டாராம். உன்ர அத்தான் மாதிரி."

ஆற்றரசிக்குப் பிள்ளை பிறந்தது. அக்காவின் கை தன் வயிற்றில். சிரிப்பு.

இந்தக் கதையைப் படமாக எடுத்தவர்கள் எதையோ மாற்றிவிட்டார்களாம். குழுவில் ஒரே சண்டை. நானும் ஒரு முழ நீளப் பதிவு: எழுதினதை எழுதினபடி சொல்ல ஏலாதவர்கள் கதையைத் தொடக்கூடாது. கனக்க ஹார்ட்.

நவம்பர் 9

மழை விட்டது. நுளம்புக் கடி.

பதினோராம் அத்தியாயம். சத்தமாக வாசித்துக்கொண்டே போகிறேன், நடுவில் அந்தப் பிள்ளை சாகிறது. ஒரு முழுப் பக்கம். நிறுத்தினால் பிடிபடுவேன். வாசித்து முடித்து நிமிர்ந்தால் அக்காவின் கண் என்னில்.

"பயனைச் சொல்லன்."

"பிள்ளை நித்திரையாம். அரசி தாலாட்டுறாவாம்."

அக்கா தண்ணீர் கேட்டா.

நேற்றுப் போட்ட பதிவை அழித்துவிட்டேன். வெட்கம். இனி? செத்த பிள்ளையைப் புத்தகம் முடியும்வரை நான் உயிரோடு வைத்திருக்கவேணும். அரசி அழுதால் எதற்கு என்று சொல்வது?

நவம்பர் 10

வாசிப்பு இல்லை. தலையிடி என்று பொய். அக்கா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டா. அம்மாவிடம் எனக்குத்தான் ஏச்சு: "நாள் முழுக்கக் கிடையில கிடக்கிறவள். அவளுக்குக் கதை சொல்லவும் உனக்குப் பஞ்சியோ, சோம்பேறி?"

நவம்பர் 11

மத்தியானம் அக்கா கூப்பிட்டா. கதவைச் சாத்தச் சொன்னா.

"முந்தநாள் வாசிச்சது எவ்வளவு நீளம். பயன் ரெண்டே ரெண்டு வசனம். எனக்கு இங்கிலிஷ்தான் தெரியாது, காது கேக்கும். பிள்ளை செத்திட்டுதோ?"

"ஓம்."

அக்கா அழவில்லை. நான்தான்.

"எல்லாரும் எனக்கு முன்னால வாயைப் பொத்துறியள். முப்பத்தொண்டாம் நாள் சடங்கு கழியேல்லையெண்டு என்ர பிள்ளைக்குப் பேரும் வைக்கேல்லை. பொத்தினா வயித்துக்குள்ள இருக்கிற இது தங்குமெண்டு நினைப்போ?"

"உங்களுக்குப் பயமில்லையோ அக்கா?"

"பயந்தான். அதுக்குத்தான் கேக்கிறன். பிறகு அவள் என்ன செய்தவள், எப்பிடி எழும்பினவள்? ஒண்டும் விடாமல் சொல்லு."

அத்தியாயத்தை முதலில் இருந்து தொடங்கினேன். ஆற்றரசி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வருகிறாள். மடியில் கிடத்துகிறாள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

அக்காவும் மெல்ல ஒரு பெயர் சொன்னா. நான் கேட்டிராத பெயர்.