கால்கள் ஓய்ந்த வாரம்

ஸ்ஃபாக்ஸ் மருத்துவமனை, பிப்ரவரி

என் கணவரும், என் நோய்க்குச் சோம்பல் என்று பெயர் வைத்த வீட்டு வைத்தியருமான உங்களுக்கு,

நீங்கள் அனுப்பிய ஆரஞ்சுக் கூடை வந்தது. "வீடு குப்பையாக் கிடக்கு, எப்ப வருவே?" என்ற சீட்டும் கூடவே வந்தது. என் உடம்பைப் பற்றி எழுதச் சீட்டில் இடமில்லை போலிருக்கிறது.

வயிற்றுப்போக்கு நின்ற அடுத்த வாரம் என் பாதங்கள் மரத்தன. மறுநாள் முழங்கால் மடங்கி, கூஸ்கூஸ் சாப்பாட்டுத் தட்டோடு உங்கள் விருந்தாளிகள் முன்னால் விழுந்தேன். "வேலைன்னா இவளுக்குக் கால் வராது," என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் பிறரைச் சிரிக்கவைக்க யாராவது கீழே விழ வேண்டும்.

மூன்றாம் நாள் கையில் சீப்பு நிற்கவில்லை. நீங்கள் உங்கள் தம்பி கல்யாணத்துக்குக் கிளம்பினீர்கள். தண்ணீர் விழுங்க முடியாமல் எனக்குப் புரையேறியதைப் பக்கத்து வீட்டு மப்ரூக்காதான் பார்த்தாள். "அடியே, இதையா சோம்பல்னான் அந்த மனுஷன்?" என்று டாக்சியில் தூக்கிப் போட்டுக்கொண்டு இங்கே வந்தாள்.

"வயித்துப்போக்குக்கு அப்புறம் நரம்பைத் தாக்குற நோய் இது. பலவீனம் கால்லேருந்து மேல ஏறுதுன்னா அன்னைக்கே வரணும்மா. மூச்சு முட்டுற வரைக்கும் யாரு காத்திருக்கச் சொன்னது?" என்றார் டாக்டர். உங்களைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

பதினோரு நாள் இயந்திரம்தான் எனக்காக மூச்சுவிட்டது.

இன்று சுவரைப் பிடிக்காமல் எட்டு அடி நடந்தேன். முழுதாக நடக்க மாதங்கள் ஆகுமாம். ஆகட்டும். நம் மகள் நெஸ்ரின் நேற்றே என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அது இரண்டாம் மாடி. படியேறப் பழகியதும் நானும் அங்கேதான் போகிறேன்.

வீட்டைப் பெருக்கிக்கொள்ளுங்கள். உங்கள் கால்கள் நன்றாகத்தானே இருக்கின்றன.

இதைத் தன் கையாலேயே எழுதியவள்