ஊர் நேர்ந்ததும் நான் நேர்ந்ததும்

அன்பு மகள் நெலிதாவுக்கு,

உன் அப்பன் அபெலார்தோ எழுதிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேரன் அலீரோவும் அங்கே புன்டா அரெனாஸ் குளிருக்கு ஈடுகுடுத்து நல்லபடியா இருக்கணும். இங்கே நான் நல்லா இருக்கேன், மாடுங்க ரெண்டும் நல்லா இருக்கு, பன்னி நல்லா இருக்கு, உங்கம்மா நல்லா இருக்காளான்னு மட்டும் இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. காஸ்த்ரோ டவுன்ல இருந்து உன் சித்தி தொமித்திலா அடிச்ச தந்தி கிடைச்சிருக்கும். ஒத்திலியா ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் ஆச்சு, வேண்டிக்கோ, அவ்வளவுதானே போட்டிருப்பா? பேச ஆரம்பிச்சா அடுப்புல இருக்கிறது தீஞ்சு போறவரைக்கும் நிறுத்தாத பொம்பளைக்குத் தந்தின்னா மட்டும் சிக்கனம் வந்துடும். நீ பதறிப்போயிருப்பே, அதான் விவரமா எழுதலாம்னு உக்காந்தேன். ரேடியோ பக்கத்துலயே இருக்கு. மத்தியானம் தீவுக்காரங்களுக்கான சேதி வாசிப்பாங்கல்ல, அதுலதான் சித்தி தினம் ஒரு வரி சொல்லி அனுப்புறா. நேத்து வரல. யாரோ ஒருத்தனோட கன்னுக்குட்டி கரை மாறிப் போனது வந்துச்சு, ஒரு கல்யாணம் தள்ளிப்போனது வந்துச்சு, நம்ம பேரு வரல. அதுலேர்ந்து எனக்கு ஒரு இடத்துல உக்கார முடியல, ரெண்டு வரி எழுதறேன், எந்திரிச்சு வாசல்ல போய் கடலைப் பாக்குறேன், திரும்ப வர்றேன். எழுத்து கோணல்மாணலா இருந்தா அதுக்குத்தான், கண்ணு தெரியாமப் போச்சோன்னு நினைச்சுக்காதே.

நடந்தது இதுதான். உங்கம்மாவுக்கு விலாவுக்குக் கீழே வலி ரொம்ப நாளாவே உண்டு, உன்கிட்ட மறைச்சிருப்பா, என்கிட்டயும் வாயு வாயுன்னே சொல்லிக்கிட்டிருந்தா. உருளைக்கிழங்கு தோண்ட ஆரம்பிக்கிற சமயம் பாத்து அப்படியே மண்ணுல சாஞ்சுட்டா. மஞ்சளா வெளுத்துப்போய், தொட்டா கொதிக்குது. பித்தப்பை சீழ் வச்சு உடைஞ்சிருச்சாம், அது பின்னாடி டாக்டர் சொன்னது. விடியக்காலம், காத்து வடக்கேருந்து அடிக்குது, லாஞ்ச் படகை எடுக்கக்கூடாதுன்னு சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியிற காத்து. நான் எடுத்தேன். எங்கே போய் முட்டிக்கிறது வேற? சித்தி அவ தலையை மடியில வச்சு தார்ப்பாய்க்கு அடியில உக்காந்துக்கிட்டா. பாதி வழி வரைக்கும் முனகிக்கிட்டே வந்தவ அப்புறம் முனகலையும் நிறுத்திட்டா. அந்த நேரத்துல நான் என்ன பண்ணேன்கிறதை அப்புறம் சொல்றேன். போய்ச் சேந்தோம், வயித்தைத் திறந்தாங்க, கழுவுனாங்க, தச்சாங்க, காய்ச்சல் இறங்கினாத்தான் எதுவும் சொல்ல முடியும்னுட்டாங்க. பொம்பளை வார்டுல ராத்திரி ஆம்பளை தங்கக்கூடாதாம். சித்தி இருக்கா, நீங்க போய் மாட்டைப் பாருங்க தாத்தான்னு அந்த நர்சு பொண்ணு என்னை விரட்டிவிட்டுச்சு. தாத்தாவாம். வந்துட்டேன்.

வந்தா வீடு நம்ம வீடாவே இல்ல. உன் அத்தை க்ளோரிந்தா அடுப்படியைப் பிடிச்சுக்கிட்டா. என்கூடப் பொறந்தவதான், ஆனா அண்ணன் வீட்டுக் கரண்டி எங்கே இருக்குன்னு அண்ணனுக்கே சொல்லித் தர்ற ஜென்மம். பக்கத்து வீட்டு ஃப்ரெசியா பன்னிக்குத் தீனி வைக்கிறா. சாயந்திரமானா உபதேசியார் எவாரிஸ்தோ செபமாலையும் கையுமா வந்துடுறாரு, பின்னாடியே ஊரே வருது, நவநாள் செபம் நம்ம கூடத்துல. சாமியார் நம்ம தீவுக்கு எப்பவோ ஒருதரம் வர்றவரு, உபதேசியாரை விட்டா நமக்கு யாரு? ஆனா அவரு குரலை நீ மறந்திருக்கமாட்டே. பாட்டை அவரு ஒரு பக்கம் இழுக்க, பொம்பளைங்க ஒரு பக்கம் இழுக்க, நசரேன் சாமியே வந்து நிறுத்துங்கப்பான்னு சொல்லணும்போல இருக்கும். எனக்குப் பத்து பேரோட முழங்கால் போட்டு உக்காந்தா வாய் கட்டிக்கும் மகளே, எப்பவும் அப்படித்தான். நான் நைசா நழுவி விறகு பொளக்கப் போயிடுறேன். இப்ப இருக்கிற விறகு ரெண்டு குளிர்காலத்துக்குப் போதும்.

கிழங்கு மண்ணுலயே கிடந்துச்சு, மழை விட்டபாடில்ல, அழுகிடும்னு எனக்கு ஒரு பக்கம் அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஊரைக் கூட்டி வேலை முடிக்கிற மிங்காவுக்குக் கூப்பிடணும்னா வழக்கம் உனக்குத் தெரியும், ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் நானே போய், தொப்பியைக் கழட்டி, ஒரு கை குடுங்கன்னு கேக்கணும், கேட்டா யாரும் மாட்டேங்கமாட்டாங்க, கேக்காம யாரும் வரவும்மாட்டாங்க. பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடக்குறப்போ கிழங்குக்குப் போய் வாசல் வாசலா நிக்க எனக்குக் கால் எழும்பல. ஒரு நாள் காலையில பாத்தா வயல் முழுக்க ஆளுங்க, கூடையும் மண்வெட்டியுமா. யாருய்யா உங்களைக் கூப்பிட்டதுன்னு கேட்டேன். அபெலார்தோ, நீ விறகை வெட்டு, அதுதான் உனக்கு இப்ப நல்லா வருதுன்னு சிரிக்கிறானுங்க. சிரிச்சானுங்களே தவிர ஒருத்தன்கூட என் மூஞ்சியைப் பாக்கல. வந்தவங்களுக்குச் சோறு போடணுமேன்னு நான் திணறுறதுக்குள்ள உன் அத்தை என்னைக் கேக்காமலே என் ஆட்டை வெட்டிட்டா. அன்னிக்கு ராஜ விருந்து. கிழங்கு அத்தனையும் வீட்டுக்குள்ள வந்து சேந்துச்சு, அழுகல் ஒரு கைப்பிடிகூட இல்ல.

சந்தோஷமாத்தான் இருந்தேன், அந்த விருந்துலதான் குட்டு உடைஞ்சுச்சு. வாயில கறியை வச்சுக்கிட்டு உன் அத்தை சொல்றா, அண்ணா, ஒத்திலியா பிழைச்சா நம்ம லுசேரோவை காகுவாச் தீவு நசரேனுக்கு நேர்ந்திருக்கேன், திருவிழா சோத்துக்குன்னு. நம்ம லுசேரோவாம்! அது என்னோட மாடு மகளே, சோடி மாட்டுல ஒண்ணு. ஒண்ணைக் குடுத்துட்டா நுகத்துக்கு அந்தப் பக்கம் யாரு, நான் கழுத்தைக் குடுக்கவான்னு கேட்டேன். உடனே ஃப்ரெசியா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, நானும் ஒண்ணு நேர்ந்திருக்கேன் அபெலார்தோ, ஒத்திலியாவோட சடையை அறுத்து நசரேன் காலடியில வைக்கிறதா வேண்டிக்கிட்டேன்கிறா. உங்கம்மாவோட சடையை! என்னையும் அந்தச் சடையையும் ஒரு தராசுல வச்சா எது கனக்கும்னு உனக்கே தெரியும். அடியே, முடி அவ தலையில இருக்கு, வாய் உன் மூஞ்சியில இருக்கு, எப்படிடி ரெண்டையும் முடிச்சுப் போட்டேன்னு கத்திட்டேன். சரி, உபதேசியார் நியாயம் சொல்லுவாருன்னு திரும்புனா, அவரு தட்டைப் பாத்துக்கிட்டே, நானும் உன் பேர்ல ஒரு சின்னது நேர்ந்திருக்கேன், திருவிழாவுல நீ வெறுங்காலோட கொடி தூக்கிக்கிட்டு கடற்கரையிலேர்ந்து கோயில் வரைக்கும் வருவேன்னுன்னாரு. என் முட்டியை வச்சுக்கிட்டு, ஆகஸ்ட் மாச மழையில! ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேங்கிற கதைதான். நேர்றதுன்னா அவங்கவங்க மடியில இருக்கிறதை நேருங்கடான்னு வயலே அதிர்ற மாதிரி சத்தம் போட்டேன். சொல்லிவச்ச மாதிரி எல்லாரும் ஒரே பதில், அடுத்தவன் நேர்ந்தாலும் நம்மைக் கட்டும், நசரேன் யார் வாய்லேர்ந்து வந்துச்சுன்னு பாக்கமாட்டாரு, வாங்காம விடமாட்டாருன்னு. அதுவும் நிசம்தான். நம்ம ஊர்ல அதை மறுக்க எவனுக்கும் துணிச்சல் கிடையாது, எனக்கும் கிடையாது. அன்னிக்கு ராத்திரியே லுசேரோ கழுத்தைத் தடவிக்குடுத்துட்டு வந்தேன்.

கொஞ்சம் இரு, சேதி நேரம் வந்துருச்சு.

மகளே, வந்துருச்சு! இப்பத்தான் வாசிச்சாங்க, மை கொட்டிட்டேன் பாரு. அபெலார்தோ நௌத்தோவுக்கு, ஒத்திலியாவுக்குக் காய்ச்சல் விட்டது, கஞ்சி குடிக்கிறாள், மாத்தே தேநீர் கேட்டு நர்சிடம் சண்டை போடுகிறாள், அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புவார்கள், தொமித்திலா. ரெண்டு தரம் வாசிச்சாங்க. நான் வாசலுக்கு ஓடுறதுக்குள்ள அந்தப் பக்கத்துலேர்ந்து ஃப்ரெசியா கத்திக்கிட்டே ஓடி வர்றா, கோயில் மணியை யாரோ அடிக்கிறாங்க, எல்லார் வீட்டுலயும் ரேடியோ ஓடிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. உன் அத்தை என்னைக் கட்டிக்கிட்டு அழுதா. நானும் அழுதேன், அதை ஒளிக்க என்ன இருக்கு. சண்டை போடுறாளாம், கேட்டியா? அப்ப நிச்சயமா உங்கம்மாதான், வேற யாரையும் மாத்திப் படுக்க வைக்கல. இப்ப கூடத்துல ஒரே கூச்சல், ஆப்பிள் கள்ளு பீப்பாயை உருட்டிக்கிட்டு வந்துட்டானுங்க. நான் மட்டும் காகிதத்தை எடுத்துக்கிட்டு மாட்டுக் கொட்டகைக்கு வந்துட்டேன். ஏன்னா அவ பிழைச்சுட்டா, அப்ப நேர்ந்ததெல்லாம் இன்னிக்கே நிலுவைக்கு வந்தாச்சு. அவங்க நேர்ந்தது மட்டுமில்ல, நான் நேர்ந்ததும்.

லாஞ்ச்சுல வரும்போது என்ன பண்ணேன்னு அப்புறம் சொல்றேன்னேன்ல. அவ சத்தம் நின்னதும் சுக்கானைப் பிடிச்சுக்கிட்டே நசரேன்கிட்ட பேசினேன், வாய்விட்டுத்தான், காத்துல சித்திக்குக் கேக்கல. மாட்டைத் தர்றேன்னு சொல்ல வாயெடுத்தேன். மாடு போனா இன்னொரு மாடுன்னு அவருக்குத் தெரியாதா? லாஞ்ச்சு? அதுவும் மரம்தான். இவனுக்கு எதைக் குடுத்தா வலிக்கும்னு அவரு பாத்துக்கிட்டே நிக்கிற மாதிரி இருந்துச்சு. எனக்குத் தெரியும் அது எதுன்னு, நானும்தான் கொஞ்ச நேரம் தெரியாத மாதிரி நடிச்சேன். அப்புறம் சொல்லிட்டேன். ஒத்திலியாவைக் குடுத்துடுங்க சாமி, என் மகளை இனிமே திரும்பி வான்னு கேக்கமாட்டேன்னு.

நீ போனதுலேர்ந்து நான் போட்ட எந்தக் கடிதத்தையும் எடுத்துப் பாரு, எல்லாத்துலயும் கடைசி வரி ஒண்ணேதான். எப்பம்மா வீட்டோட வர்றே, ஓடைப் பக்கத்து நிலம் உனக்குத்தான், வீடு கட்டப் பலகை அறுத்து அடுக்கி வச்சிருக்கேன்னு. உனக்கே சலிச்சிருக்கும். மாப்பிள்ளைக்கு அதைவிடச் சலிச்சிருக்கும், அவருக்கு அங்கே நல்ல வேலை, அலீரோ அங்கேயே பள்ளிக்கூடம் சேந்தாச்சு, எனக்குப் புரியாமலா கேட்டேன்? புரிஞ்சுக்கிட்டேதான் கேட்டேன். இந்தக் கடிதத்துல அந்த வரி இருக்காது. இனிமே எதுலயும் இருக்காது. அப்பாவுக்கு ஏதோ கோபம்னு நீ நினைச்சுடக் கூடாதே, என்மேல ஆசை விட்டுப்போச்சுன்னு நினைச்சுடக் கூடாதே, அதுக்குத்தான் சொல்றேன். இப்படி உனக்குச் சொல்றதே கேக்குற கணக்குல சேந்துடுமோன்னு பயந்து, உபதேசியாரை இப்ப கொட்டகைக்குப் பின்னாடி கூட்டிக்கிட்டுப் போய் விசாரிச்சேன். மனுஷன் கையில கள்ளுக் குவளையோட ரொம்ப நேரம் தாடையைச் சொறிஞ்சாரு. சொல்லலாம், ஆனா மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டுச் சொன்னா அது கேக்குறதுதான்னாரு. அதனால மூஞ்சியை நல்லா நிமித்தி வச்சுக்கிட்டுத்தான் எழுதறேன், நம்பு. அவரு போகும்போது என் தோளைப் பிடிச்சு ஒரு அழுத்து அழுத்திட்டுப் போனாரு. கொடியை நானே தூக்குறேன் போய்யான்னு சொல்லி அனுப்புனேன்.

உங்கம்மாவுக்கு நீ தனியா எழுது, ஆஸ்பத்திரி வாசம் போறவரைக்கும் அவளுக்கு ஆறுதலா இருக்கும். சடை விஷயத்தை மட்டும் மூச்சுவிடாதே, அதை ஃப்ரெசியாவே வந்து சொல்லட்டும், நான் அந்த நேரத்துல விறகு வெட்டப் போயிடுவேன். அலீரோவை ஈரக் காலோட அலைய விடாதே. நீயும் அந்த மீன் ஃபாக்டரித் தண்ணியில கையை ஊற வச்சுக்கிட்டே நிக்காதே, ராத்திரி எண்ணெய் தடவு. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லு, இந்தத் தடவை மனசாரச் சொல்றேன். நசரேன் உங்க மூணு பேரையும் காத்து, நீங்க எந்த மண்ணுல இருந்தாலும் அடுப்புல நெருப்பும் சட்டியில சோறும் குறையாம வைக்கணும். கடிதம் எடுத்துட்டுப் போற லாஞ்ச்சுக்காரன் கூப்பிடுறான், முடிச்சுக்கிறேன். உனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரிஞ்சிருக்கணும் மகளே, கேக்கமாட்டேன்னுதான் நேர்ந்தேன். காத்திருக்கமாட்டேன்னு நேரல, அதை அவரும் கேக்கல.

உன் அப்பன்,
அபெலார்தோ